ஓட்டுநர் உட்பட

பகாவ் ஆலையின் எடைமேடையில்
கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும். ஒரு எண்.
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும். இன்னொரு எண்.
கழித்தால் நிகரம்.
இதற்கு டிப்ளோமா வேண்டாம்.

எனக்கு இருக்கிறது.
நீலாயில் இரண்டரை வருஷம், கலைப்புலம்.
வரலாறு கொஞ்சம், தத்துவம் கொஞ்சம்,
சமூகவியலில் ஒரு பி மைனஸ்.
"முடிச்சிட்டு என்னவா ஆவே?" என்றவர்களிடம்
"படிச்சவளா" என்று சொல்லிப் பார்த்தேன்.
யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்த ஹஃபிஸ்
ஐந்தாம் படிவத்தோடு நின்றவன்,
ஆயிரத்து எழுநூறு வெள்ளி வாங்கினான்.
எனக்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
ஆக, டிப்ளோமா மாதம் நூற்றைம்பது சம்பாதிக்கிறது.
கடன் பதினெட்டாயிரம், பத்து வருஷம்,
கட்டணம் கிட்டணம் சேர்த்துத் தவணை நூற்று அறுபத்தைந்து.
மாதாமாதம் பதினைந்து வெள்ளியைக் கையிலிருந்து போட்டு
படித்தவளாக இருந்துகொண்டிருக்கிறேன்.

அந்தப் பதினைந்து வெள்ளிக்கு என்ன வருகிறது?
ஆலை ரசீதின் அடியில் பொடி எழுத்தில்
'பழுக்காத குலைக்குக் கழிக்கப்படும்.'
யார் கழிப்பது,
பழுக்கவில்லையென்று பார்த்தது யார் கண்,
வாக்கியத்தில் ஆள் இல்லை.
நீலாயில் ஒரு மத்தியானம் முழுக்க
ஆள் இல்லாத வாக்கியங்களைத் தேடச் சொன்னார்கள்.
தூங்கி வழிந்தேன்.
இப்போது திரும்பின பக்கமெல்லாம் அவைதான்.
தண்ணீர் வெட்டப்படும். வாடகை உயர்த்தப்படும்.
கடன்காரர்கள் கடிதத்தில்:
நடவடிக்கை எடுக்கப்படும்.

நாலு மாதம் நான் கட்டவில்லை.
அப்பாவின் பல், அப்புறம் மோட்டார் சைக்கிள்,
அப்புறம் வெறும் சோம்பல்.
சோம்பலையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இந்தத் தடவை கடிதம் என் வீட்டுக்கு வரவில்லை.
ஜாமீன் கையெழுத்துப் போட்ட
சற்குணன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறது.
தினம் மூன்று நடை என் மேடை ஏறுகிறவர்.
இன்றைக்கு முதல் நடையில் முகம் பார்க்கவில்லை.
இரண்டாவதில் ஜன்னலுக்குள் கைமட்டும் வந்து
சீட்டை வாங்கிக்கொண்டு போனது.

எடைமேடையில் ஒரு விதி:
குலையோடு ஏறும்போது ஓட்டுநர் உள்ளே இருந்தால்
வெறுமனே ஏறும்போதும் உள்ளேதான் இருக்கவேண்டும்.
இரண்டிலும் இருப்பவர் நிகரத்தில் வரமாட்டார்.
ஜாமீன் போட்டவரும் அப்படித்தான்போல.
வாங்கும்போது இருந்தார், கட்டும்போதும் இருக்கிறார்,
பதினைந்து வெள்ளி என்று போட்டேனே,
அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

மூன்றாம் நடை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.
வெறும் லாரியை மேடையில் விட்டுவிட்டு
இறங்கிப்போய்த் தகரக் கூரையடியில் நின்றார்.
சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து
உதடு அசைய அசையப் படித்தார்.

திரையில் எண்பது கிலோ குறைந்து நின்றது.
பொத்தானை அழுத்தினால்
அந்த எண்பதும் குலையாகிவிடும்,
இன்றைய விலைக்கு அறுபத்தெட்டு வெள்ளி.
அதுவும் லாரி முதலாளிக்கு.
சற்குணன் அண்ணன் முழுசாக, பூட்ஸோடு,
அரைத் தவணைக்குக்கூடக் காணமாட்டார்.

இதைக்கூடக் கணக்குப் போட்டேனே என்று
காது சுட்டது.
கண்ணாடியைத் தட்டினேன்.
"அண்ணே, ஏறி உக்காருங்க."

நிமிர்ந்தார். இன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார்.
"எடுக்கப்படும்னு போட்டிருக்கு.
யாரும்மா எடுப்பா?"

"நான் கட்டிடறேண்ணே" என்றேன்.
கேட்டதற்கு அது பதில் இல்லை என்று
இருவருக்கும் தெரிந்தது.

கதவு சாத்தும் சத்தம்.
எண் ஆடி, ஏறி, நின்றது.
தகரத்தில் முதல் துளிகள்.
அச்சடித்து நீட்டினேன்.
சீட்டை நாலாக மடித்து
கடிதம் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார்.