வெளியேற்று

ஐஸ் பேக்டரி வாசலில் லாரி பின்வாங்கியபோது
ஆபீஸ் ரவுட்டரிலிருந்து வந்த வயர் அறுந்தது.
ஓட்டியவர் இறங்கிப் பார்த்து
துணிக்கொடின்னு நெனச்சேன் என்றார்.
மணி எட்டு. அத்தோடு அவர் பங்கு முடிந்தது.

என் பங்கு லாரன்ஸ் ரோட்டில் ஆரம்பித்தது,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட கடையில்.
நகத்தளவு வைஃபை குச்சி, நானூற்று எண்பது ரூபாய்.
எல்லாத்துலயும் ஓடும் என்றார்.
யூனிக்ஸிலுமா?
அது எந்த கம்பெனி என்றார்.

முதுநகர் துறைமுகம், பத்தரை.
அம்மோனியா வாடை மூக்கைச் சுரண்டுகிறது.
கம்ப்ரசர் அதிர்வில் மேசை
கொஞ்சம் கொஞ்சமாக என்னைவிட்டு விலகுகிறது.
குளிர் அறையின் கணக்கைப்
பத்து நிமிடத்துக்கொருமுறை
புதுச்சேரி முதலாளிக்கு ஒப்பிக்கும் பெட்டி
வாயடைத்துக் கிடக்கிறது.
சீக்கிரம் வந்துருமாக்கா? என்கிறான் தேசிங்கு,
பாளம் உடைக்கும் கடப்பாரையில் சாய்ந்தபடி.

அட்டையில் அச்சடித்த பெயரை நம்பி
பென் டிரைவில் வைத்திருந்த டிரைவரைக்
கம்பைல் செய்தேன். நாற்பது நிமிடம்.
வரிகள் அடைமழையாய் இறங்கி ஓய்ந்தன.
பிழை ஒன்றும் இல்லை.
குச்சியில் அசைவும் இல்லை.
பெயர் பழையது, உள்ளே சிப் வேறு.
துண்டு போட்டுவிட்டால்
வஞ்சிரமும் சீலாவும் ஒன்றுதான்,
தோலைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

பிடுங்கிச் செருகினேன்.
கர்னல் பதிவின் வால் நீண்டது:
புதிய சாதனம்.
ஜீரோ பி டி ஏ, ஒன் ஏ டூ பி.
வகை, சிடி டிரைவ்.

இதுக்குள்ள சிடி எப்பிடிக்கா நொழையும்?

நுழையாது தேசிங்கு.
இது வேறு வீட்டு மாப்பிள்ளைக்கு எடுத்துவந்த சீர்த்தட்டு.
விண்டோஸுக்கான டிரைவரைத் தலையில் சுமந்துகொண்டு
நம் வாசலில் நிற்கிறது.
தட்டை இறக்கும்வரை
தன் பெயரைச் சொல்லாது.

ஒரே கட்டளை: வெளியேற்று.
இல்லாத சிடியைத் துப்பிவிட்டுக்
காணாமல் போய்
வேறு எண்ணோடு திரும்பி வந்தது.
இங்கே யார்தான் போகிறேன் என்று சொல்லிப் போகிறார்கள்,
வரேன் என்றுதானே கிளம்புகிறார்கள்.

வந்ததும் கேட்டது: ஃபெர்ம்வேர் எங்கே?
அது இன்டர்நெட்டில் இருக்கிறது.
இன்டர்நெட் இந்தக் குச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
ஆபீஸ் சாவி மேனேஜர் இடுப்பில்.
என் போன் நேற்றைய மழையில் நனைந்து
வீட்டு அரிசி டப்பாவுக்குள்.

தேசிங்கின் போனில் நண்டுக்கால் விரிசல்.
டேட்டா காலிக்கா.
பொயல் எங்க நிக்குதுன்னு பாத்துப் பாத்தே
தீந்துபோச்சு. பன்னெண்டு அடிச்சா புதுசு.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
எட்டு நிமிடம் இருவரும்
ஒரு கடிகாரத்தை விருந்தாளிபோல் உட்காரவைத்துப் பார்த்தோம்.

அவன் கேபிளைச் செருகியதும்
ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது யூனிக்ஸ்,
அந்த உடைந்த போனை.
ஃபெர்ம்வேர் வந்தது. ஒரு மெசேஜ் படத்தின் அளவுகூட இல்லை.
நீல விளக்கு இமைத்தது, இமைத்தது,
நின்று எரிந்தது.

நாலு மணி நேரப் பாக்கியை
மூச்சுவிடாமல் ஒப்பித்தது பெட்டி.
திரையில் கோடு தட்டையாகப் போய்
ஒன்பது நாற்பதில் ஒரு திமில்.
மைனஸ் பதினெட்டு, மைனஸ் ஆறு, மைனஸ் இரண்டு.
பத்து இருபதுக்குமேல்தான் இறங்கத் தொடங்குகிறது.
நான் லாரன்ஸ் ரோட்டில் சில்லறைக்கு நின்ற நேரம்,
கதவு திறந்தே கிடந்திருக்கிறது.

தேசிங்கு பார்த்துக்கொண்டிருந்தான்,
தன் டேட்டாவில் வாய் திறந்த பெட்டியை.

லாரி இடிச்ச நேரமா இருக்கும்க்கா.

இருக்கும் என்றேன்.

ரீபூட் ஆனால் மறுபடி சிடியாகத்தான் எழும்பும்,
அதற்கொரு வரி எழுதிச் சேமித்தேன்.
அவன் கேபிளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு
மிச்ச டேட்டாவில்
புயலைத் தேடத் தொடங்கினான்.