நிறம் பார்க்கும் வேலை

மார்த்தாண்டத்தில், தேன் வாங்கும் கூடத்தில்
எனக்கு நிறம் பார்க்கும் வேலை.
கண்ணாடிக் குழாயில் ஊற்றி
ஜன்னலுக்கு நேரே பிடித்து,
பதினோரு வருடம்.

மாசியில் வருவது வெளுத்திருக்கும். ரப்பர்த் தேன்.
அது பூவிலிருந்து வருவதே இல்லை,
இலை உதிர்த்த மரம் திரும்பத் தளிர்க்கையில்
காம்பு கசிவது.
வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை.
பூ என்றால்தான் பிடிக்கிறது அவர்களுக்கு.

நேற்று ராத்திரி தம்பி லிஜின்
மீன்சட்டிக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் நடுவே
மூன்று குப்பிகளை வைத்தான்.
ஒரே லேபிள், ஒரே சிங்கத் தலை,
ஒரே தொகுதி எண், ஒரே காலாவதி மாதம்.
ஒன்று இளநீர்.
ஒன்று நல்லெண்ணெய்.
ஒன்று கட்டன் சாயா.

"எக்கா, நீ நெறம் பாக்குறவதானே.
இதுல எது ஒறிஜினல்?"

அந்தச் சொல்லையும் லேபிளிலேயே
வெள்ளிப் பளபளப்பில் அச்சடித்திருந்தார்கள்,
களியக்காவிளை தாண்டி எவன் வீட்டு அடுக்களையிலோ.

குழல்விளக்கின் கீழ் ஒவ்வொன்றாய்ப் பிடித்தேன்.
கை தானாகச் சாய்த்தது,
குமிழி ஏறும் வேகம் பார்க்க.

மருந்து பெரும்பாலும் வெள்ளைப் பொடிதான், மக்கா.
சிலது மட்டும் தானே மஞ்சள்.
நீ பார்ப்பது எண்ணெயை.
ஒரு மாதம் திராட்சைவிதை எண்ணெய் கிடைத்திருக்கும்,
மறுமாதம் கடலையெண்ணெய் மலிந்திருக்கும்.
அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போயிருப்பான்.
பொடியில் அழுக்கு இருந்திருக்கலாம்.
வெயிலில் கிடந்திருக்கலாம், பஸ்ஸின் பின்சீட்டில்.
அல்லது ஒன்றுமே போடாமல்
வெறும் எண்ணெய்.

"அப்ப கறுத்தது ஸ்ட்ராங்கு?"

கடையிலும் இதையேதான் கேட்கிறார்கள்.
கறுத்தால் காட்டுத் தேனாம், வெளுத்தால் சர்க்கரைப் பாகாம்.
சூடாக்கினால் எந்தத் தேனும் கறுக்கும்.
மூன்று வருடம் டின்னில் மறந்தாலும் கறுக்கும்.

லிஜினுக்குத் தெரியாததா?
புகைப்புரையில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவன்.
விறகு ஈரமானால் ஷீட் கறுக்கும்,
கறுத்தால் கிலோவுக்கு எவ்வளவு குறையும்
என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.
அதைச் சொன்னேன்.
"அது ரப்பர்லா, எக்கா."

தொடுவெட்டி ஜிம்மில் அவன் கூட்டாளி ஷெபின்
வெளுத்ததைத்தான் போட்டுக்கொண்டான்,
சுத்தமாய்த் தெரிந்ததால்.
இப்போது பைக்கில் ஒருக்களித்து உட்காருகிறான்.
குழித்துறை ஆஸ்பத்திரியில் இடுப்பைக் கீறி எடுத்ததன் நிறத்தை
அவன் அம்மா என்னிடம் சொல்ல வந்தாள்,
வேண்டாம் என்றேன்.

போட்டிக்கு இன்னும் இருபத்திமூன்று நாள்,
நாகர்கோவிலில்.
கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நிற்கிறான்,
வெளிச்சம் எங்கே விழுந்தால்
எது பெரிதாய்த் தெரியும் என்று.

காலையில் அருமனைத் தேன் வந்தது.
போன வருடத்தைவிட இரண்டு படி கறுப்பு.
பெட்டி எண் பார்த்தேன், ஏசுவடியானைக் கூப்பிட்டேன்.
தளிர் வந்த நேரத்தில் மழை, ஈ எல்லாம்
ஆற்றங்கரைப் பக்கம் போயிற்று என்றார்.
பத்து நிமிடம் புலம்பினார்.
மழையின் தேதி வரை சொன்னார்.

குப்பியிலும் ஒரு எண் இருக்கிறதே என்று
மதியம் அதற்கும் அடித்தேன்.
ஒரு பெண் எடுத்தாள்.
"இது பல்லாஸ்பத்திரி," என்றாள்.
கோபமில்லை.
தினமும் சொல்கிற குரல்.

சாயங்காலம் வீடு திரும்பினால்
மேஜையில் இரண்டுதான்.
நல்லெண்ணெயைக் காணோம்.

ரொம்ப வெளுத்ததும் வேண்டாம்,
ரொம்பக் கறுத்ததும் வேண்டாம்,
நடுவில் உள்ளது பாதகமிருக்காது என்று
நினைத்திருப்பான்.

குளியலறையில் தண்ணீர் விழுகிறது.
வெளியே நின்று கூப்பிடுகிறேன்.
"வாறேன்," என்கிறான்.