பதினெட்டு டிகிரி

ஜெபசெல்வியை வேலையை விட்டு அனுப்பிய அன்று
ஒரே அட்டைப்பெட்டியில் எல்லாம் போயின:
கோப்பை, சார்ஜர், பாட்டிலில் வளர்த்த மணிபிளான்ட்.
லிஃப்ட் வரைக்கும் செக்யூரிட்டி கூடவே நடந்தார்.
மேசைக்கடியில் இருந்ததை
யாரும் குனிந்து பார்க்கவில்லை.

உள்ளே ஆட்டு ரோமம், வெளியே வெல்ல நிறத்தில் ஸ்வேட்.
கந்தன்சாவடியில் இதைப் போடுகிறவள் பைத்தியம் என்றுதான்
நானும் முதலில் நினைத்தேன்.
வெளியே தார் இளகும் மே மாதம்,
உள்ளே பதினெட்டு டிகிரி.
ராத்திரி பூராவும் எந்த ஊர்க்காரனோ
இன்ஷூரன்ஸ் பணம் வரவில்லையென்று கத்துவான்.
முதல் போனஸில் அவள் வாங்கியது
நகை இல்லை, போன் இல்லை, இது.

ஐப்பசியில் ஏசிக் குழாய் ஒழுகியது.
பேனா விழுந்து குனிந்தபோது பார்த்தேன்
இரண்டு செருப்பும் பச்சை பூத்துக் கிடந்தன.

பிளாஸ்டிக் பையில் சுற்றித்
துரைப்பாக்கம் அறைக்குக் கொண்டுவந்தேன்.
வெயிலில் வைத்தால் அப்பளமாகிவிடும், வைக்கவில்லை.
வெயிலும் இல்லை.
முனைவரைக்கும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தேன்,
'ஆட்கள் தேவை' பக்கம் கைக்கு வந்தது.
ஃபேனடியில் இரண்டு நாள்.
அதில் ஒரு நாள் கரண்ட் இல்லை.

பூஞ்சைக்குத் துணியில் தொட்டு வினிகர்.
முபீனா சில்லி சிக்கனுக்கு வைத்திருந்தது.
போரிங் தண்ணீர் பட்டால் உப்பு வளையம் நிற்குமென்று
கேனைச் சாய்த்தேன். எழுந்தே வந்துவிட்டாள்:
"குடிக்கிற தண்ணியிலயாடி
செருப்பு கழுவுற?"

கழுவவில்லை. துடைத்தேன். இரண்டு டம்ளர், அவ்வளவுதான்.

கீழ்வீட்டுப் பையனிடம் ரப்பர் கேட்டதற்கு
ஸ்ட்ராபெரி வாசனையில் ஒன்று தந்தான்,
திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு.
தேய்க்கத் தேய்க்க அழுக்கு உருண்டு உதிர்ந்தது.
பழைய டூத்பிரஷால் ஒரே பக்கமாக நீவினேன்.
ஸ்வேட் விசித்திரமானது,
இப்படித் தடவினால் இருட்டு, அப்படித் தடவினால் வெளிச்சம்.
விரலால் அவள் பெயரின் முதல் எழுத்தை எழுதி
உடனே அழித்தேன்.

வலது செருப்பின் நெற்றியில் ஒரு மஞ்சள் கறை.
போன பொங்கலுக்கு ஆபீசில் இலை போட்டபோது
நான் சிந்திய சாம்பார்.
"பரவால்ல விடு" என்றவள்
அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.
அதன்மேல் பவுடரைக் கொட்டி ராத்திரி முழுக்க வைத்தேன்.
எண்ணெய் போயிற்று,
மஞ்சள் போகவில்லை.

அப்புறம் ரோமம். சொட்டு ஷாம்பு, நுரையை மட்டும் எடுத்து.
பல் அகலச் சீப்பால் வாரினால்
மெல்ல மெல்ல எழுந்து நின்றது, குளித்த குட்டிபோல.
இடது செருப்பில் மட்டும்
பெருவிரல் இடத்தில் ஒரு குழி, எழவே இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது.
கத்துகிறவனிடம் தேன்போலப் பேசுவாள்,
புரிகிறது சார், கட்டாயம் சார்.
மேசைக்கடியில் இடது கால்
தரையை இடித்துக்கொண்டே இருக்கும்.
என் நாற்காலிவரை அதிரும்.

எங்கள் வரிசையில் இருவரில் ஒருத்தி போதும் என்றார்கள்.
யார் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.
சம்பளத் தேதியன்று சம்பளம் வந்தது.

படமெடுத்து அனுப்பினேன், கறை தெரியாத பக்கமாக.
முகவரி கேட்டேன், கூரியரில் போடுகிறேன் என்றேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில்:
"ஐய, இது இன்னும் இருக்கா!
நீயே போட்டுக்கோ.
இங்க ஏசி இல்ல."

இங்க என்றால் எங்கே என்று
எழுதினேன், அழித்தேன்.

அவளுக்கு ஆறாம் நம்பர், எனக்கு ஏழு.
இன்று இரவு ஷிஃப்டில் மாட்டிப் பார்த்தேன்.
விரல்கள் கதகதப்பாக இருக்கின்றன.
குதிகால் மட்டும்
வெளியே, தரையில்.