வியாழன் ஏழு மணி

ஓவுலுவில் பிப்ரவரி. கடல் மூடிக் கிடக்கிறது.
பனி எங்கே தடிக்கும் எங்கே பிளக்கும் என்று
காலை ஆறு மணிக்குள் சொல்லியாக வேண்டும்
ஹில்ப்பாவின் நிரல்.
ஆறு மணிக்கு, பனியுடைப்புக் கப்பலில்,
காப்பிக் கோப்பையோடு ஒருவர்
திரைமுன் வந்து நிற்பார்.

ஒன்பது வருடம் முன்பு அவள் எழுதிய நூலகம்.
(நூலகம் என்கிறோம்; உள்ளே உண்மையிலேயே நூல்தான்,
இழை இழையாக.)
அப்போது எந்திரத்தில் அது ஒண்டிக்கட்டை.
எழுந்ததும் கோர்களை எண்ணும்: அறுபத்துநான்கு.
அறுபத்துநான்கு இழை நூற்கும்.
வேறு யார் இருந்தார்கள், கேட்பதற்கு?

இந்தக் குளிர்காலம் ஆர்மஸ் கடலை நாலாக வெட்டினான்.
நாலு புராசஸ், ஒரே நேரத்தில்.
நாலும் எழுந்தன. நாலும் எண்ணின.
நாலும் சொல்லின: மொத்தமும் எனக்கே.
இருநூற்றைம்பத்தாறு பேர்,
அறுபத்துநான்கு நாற்காலி.
உட்காருமுன் எழு,
எழுந்ததும் எங்கே விட்டோம் என்று தேடு.
ஒரு மணி நேர வேலை ஐந்து மணி நேரம் இழுத்தது.
கப்பலிலிருந்து ஒற்றை வரி வந்தது:
"நேற்றைய பனியை நாங்களே பார்த்துவிட்டோம்."

"ஆளுக்குப் பதினாறு. முடிந்தது கதை" என்றான் ஆர்மஸ்.
முடியவில்லை.
வடக்கு விரிகுடா தட்டை; எட்டு இழையில் தூங்கியபடி முடிக்கும்.
மெரென்குர்க்கு அப்படியல்ல,
கடலின் தொண்டை என்றே அதற்குப் பெயர்,
பனி அங்கே ஒன்றன்மேல் ஒன்றேறி முறியும்,
நாற்பது கொடுத்தாலும் போதாது.
எனவே ஹில்ப்பா
பொது நினைவகத்தில் ஓர் ஏடு திறந்தாள்.
வேண்டும்போது பெயரெழுதி எடு.
முடிந்ததும் அடித்துவிட்டுக் கொடு.

மூன்று இரவு நன்றாகவே ஓடியது.
புதன் இரவு எல்லாம் நின்றது.
பிழைச்செய்தி இல்லை. விசிறிச் சத்தம்கூட இல்லை.
நாலும் உயிரோடிருந்தன, நாலும் காத்திருந்தன.

விடியும்வரை தோண்டி அவள் கண்டது இது.
மெரென்குர்க்கு புராசஸ் ஒரு பிள்ளையைக் கிளைத்திருக்கிறது,
சரியாக, வேறோர் இழை உள்ளே
ஒரு பூட்டைப் பிடித்திருந்த நொடியில்.
பிள்ளைக்குத் தாயின் நினைவு முழுதும் வந்தது.
பூட்டு, பூட்டியபடியே வந்தது.
பிடித்திருந்த இழை மட்டும் வரவில்லை.
பிள்ளை அந்தப் பூட்டின்முன் நிற்கிறது,
தாய் பிள்ளைக்காக,
தாயின் பெயரில் நாற்பது கோர்,
அவற்றுக்காக மற்ற மூன்றும்.

வியாழன் மாலை, துண்டும் வாளியுமாகக்
குடியிருப்பின் அடித்தளத்துக்கு இறங்கினாள்.
சவுனா கதவில் முறைப்பட்டியல்.
அவள் முறை எட்டு மணி. மணி ஏழு பத்து.
ஏழுக்கு எதிரே: லெஹ்தோவாரா.
அந்தக் குடும்பம் ஆகஸ்டிலேயே கெமிக்குப் போய்விட்டது.
ஆறு மாதமாக, ஒவ்வொரு வியாழனும் ஏழுக்கு,
அடுப்பு தானாகக் காய்ந்து
கற்கள் சிவக்க,
பெயர் இருக்கிறதே என்று
ஒருவரும் உள்ளே போகவில்லை.
அவளும்தான்.

காலுறையோடு குளிர்ந்த தரையில் நின்றாள்.
சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல்.
உள்ளே போய்க் கற்கள்மேல் ஓர் அகப்பை நீர் ஊற்றினாள்.

வெள்ளியன்று மாற்றி எழுதினாள்.
கிளைக்குமுன் எல்லாப் பூட்டும் திறந்திருக்கட்டும்.
பிறக்கும் பிள்ளை வெறுங்கையோடு பிறக்கட்டும்,
ஏட்டில் தன் பெயரைத் தானே எழுதட்டும்.
எழுதிய பெயர் அவ்வப்போது "இருக்கிறேன்" என்று சொல்லட்டும்.
முப்பது நொடி சொல்லாவிட்டால் அடித்துவிடு.

"ஏன் முப்பது?" என்றான் ஆர்மஸ்.
தெரியவில்லை.
தாமதிப்பவனையும் போய்விட்டவனையும்
வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்.
மூன்று என்றால் உயிரோடிருப்பவனை அடித்துவிடுவாள்;
மூந்நூறு என்றால் கப்பல் நிற்கும்.

அன்று அறிக்கை ஐந்து நாற்பதுக்குப் போனது.

சவுனா கதவில் லெஹ்தோவாரா இன்னும் இருக்கிறார்.
கீழே பென்சிலில், சிறிய எழுத்தில்:
"ஏழேகால் வரை பார்ப்பேன். ஹில்ப்பா, மூன்றாம் மாடி."