எழுபத்தாறில் ஒரு பங்கு

மாடிப்படிக்கு அடியில், துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில்
தலைகீழாகத் தொங்கியபடி பிறக்கிறது
ஒரு டீசல் எஞ்சினின் மேலுடல்.
பிசின் தொட்டிக்குள் தட்டு முங்கி எழும்,
முங்கி எழும்,
ஒரு முங்கலுக்கு ஒரு மயிரிழை.
ஒன்பது மணி நேரம். டார்பியில் அதற்குள்
மூன்று முறை மழை பெய்து
மூன்று முறை விட்டிருக்கும்.

கையுறை மாட்டி எடுத்து, ஸ்பிரிட்டில் அலசி,
ஊதா வெளிச்சத்தில் இறுகவைக்கும்போது
ரஜிதா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பாள்:
"இன்றைக்கும் ஆஸ்பத்திரியா?"
தாங்குகால்களை ஒவ்வொன்றாக நறுக்குவேன்.
போகிறபோது ஆளுக்கொரு பரு வைத்துவிட்டுப் போகும்.
நானூறாம் நம்பர் உப்புத்தாள் அதற்குத்தான்.

சக்கரமும் மோட்டாரும் நான் செய்வதில்லை,
பழைய எஞ்சின்களிலிருந்து கழற்றுவது.
இந்த நாட்டில் ஒரு வழக்கம்:
உடல் எழுபத்தாறில் ஒரு பங்கு,
தண்டவாளம் எண்பத்தேழில் ஒரு பங்கு.
யாரோ என்றோ செய்துகொண்ட சமரசம்.
அகன்ற இடுப்போடு ஒடுங்கிய பாதையில்
எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கேட்பவர்கள் புதுசாகத்தான் கேட்பார்கள்.
பட்டறையிலிருந்து அன்று காலை வெளியே வந்த நீலம்,
முனையில் கலையாத குளவிக்கோடு.
கார்ன்ஃபோர்த்திலிருந்து எம். டாட்டர்சால் மட்டும்
ஒரு நசுங்கல் கேட்டு எழுதியிருந்தார்.
யார்டில் பெட்டி தள்ளும் ஆறு சக்கர எஞ்சின்,
இடது பக்கம், பானெட்டின் மூன்றாம் கதவு,
தட்டு அளவுக்கு.
"கோப்பைக்கு அடியில் வைக்கிற தட்டு.
சாப்பாட்டுத் தட்டு இல்லை."

கணக்குப் போட்டேன்.
தேநீர்த் தட்டை எழுபத்தாறால் வகுத்தால்
ஒரு கடுகு.

நல்லதை வரைந்துவிடலாம், கெட்டதை வரைவதுதான் பாடு.
கணினியில் குழித்தால்
தயிரில் கரண்டி போட்ட மாதிரி வழவழப்பு.
தகரம் அப்படி நசுங்காது.
அதற்கென்று ஒரு கோபம் உண்டு,
ஓரத்தில் மடியும், கீல் பக்கம் முறுக்கிக்கொள்ளும்.
டின்களை நிறுத்திச் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன்.
ஏழு டின்.
அந்த வாரம் முழுக்க வீட்டில் டின்மீன் குழம்பு.

நான்காவது உடலில் சரியாக விழுந்தது.
படம் அனுப்பினேன், கூடவே இரண்டு வரி:
உங்கள் கணவர் ஓட்டிய எஞ்சினோ,
அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பதில் வந்தது.

"கணவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார்.
ஓட்டியது நான், மாக்ஸீன்.
பிப்ரவரி, விடிகாலை ஐந்து.
எண்ணெய் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்த மறந்ததும் நான்,
அப்படியே எஞ்சினை நகர்த்தியதும் நான்.
விளக்குக் கம்பம் எப்போதும்போல் அங்கேயேதான் நின்றது.
பெண்ணிடம் கொடுத்தால் இப்படித்தான் என்பார்களே என்று
ஃபோர்மன் அறிக்கையில் மூடுபனி என எழுதினார்.
மூடுபனி இல்லை.
நல்ல நிலா.
முப்பத்தெட்டு வருஷமாக
அந்தப் பனிக்குக் கடன்பட்டிருந்தது போதும்.

நசுங்கல் சரி. ஒரு திருத்தம்.
அதன் பிறகு அந்தக் கதவு முழுசாக மூடியதேயில்லை,
ஒரு விரல் திறந்தே இருந்தது.
எஞ்சினின் எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்."

சொல்லவில்லை.

ஒரு விரலை வகுத்தேன்: நான்கு மயிரிழை.
ஐந்தாவது உடல் இப்போது தொங்குகிறது,
முங்கி எழுகிறது.

"அந்தக் கதவைச் சாத்தேன், நாற்றம் தாங்கவில்லை,"
என்கிறாள் ரஜிதா கூடத்திலிருந்து.

எந்தக் கதவை என்று கேட்கிறேன்.