மிதி, பிடி

ஃபிளாட்டின் சரிவில் நிற்கிறது
தொண்ணூற்றாறாம் வருடத்து ஹைலக்ஸ்,
முன்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டு.
பின்பக்க இடது டயரின் உள்பக்கம் ஈரம்.
ஆயர் ஈத்தாமில் மூன்று நாளாய் மழையில்லை.
தொட்டுப் பார்த்தேன்:
தண்ணீரை விட வழுக்கல்,
எஞ்சின் எண்ணெயை விட மெலிசு.

டிரம்மைத் தட்டிக் கழற்றினால்
சிலிண்டரின் ரப்பர் உதடு கிழிந்து
எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தது.
ஜெலுத்தோங்கில், ஆ ஹோக் கடையில்,
புது ரப்பர் பதினெட்டு வெள்ளி.
பதினெட்டே வெள்ளி.

காற்றெடுக்க இன்னொரு கால் வேண்டும்.
வேலைக்குக் கிளம்பிய தவமலர்
ஃபேக்டரிச் சீருடையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி."
மிதித்தாள்.
"பிடி."
நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்,
குழாயில் குமிழ் குமிழாய்க் காற்று,
பின்னால் கிச்சாப் நிறத்தில் திரவம்.
மூடினேன்.
"விடு."

எட்டாவது மிதிக்கு முன்
மேலே எதையோ இழுக்கும் சத்தம்.
இருக்கைக்கடியிலிருந்து எடுத்து
ஒவ்வொன்றாய்த் தரையில் வைத்தாள்,
மூன்று காலிப் போத்தல்கள்.
சம்பளம் வரட்டும், வரட்டும் என்று
பானட்டைத் திறந்து நான் ஊற்றியவை.
சிந்திய இடமெல்லாம் பெயிண்ட் உரிந்திருக்கிறது.
அதை அவள் பார்த்ததில்லை.

"எப்பருந்து தெரியும்?"

பாயா தெருபோங் இறக்கத்தில் அந்த ஞாயிறு,
மகளை மடியில் வைத்துக்கொண்டு
ரம்புத்தான் உரித்து ஊட்டினாள்.
என் வாயில் பழம்.
காலுக்கடியில் பெடல்
தரைவரை போய்த் திரும்பியது.

நிப்பிளை இறுக்கினேன்,
வேண்டியதற்கும் கொஞ்சம் அதிகமாகவே.

"மிதி" என்றேன்.

கால் அசையவில்லை.
போத்தல் ஒன்று சரிவில் உருண்டு
காடிக்கடியில் வந்து
என் தோளில் முட்டி நின்றது.