கினிகத்தேனைக்கு வைத்த பல்

மல்லியப்பூச் சந்திக்கு மேலே, மழை விடாத ஒரு சனிக்கிழமை
இருமிக்கொண்டே வந்து நின்றது
சகாயசெல்வியின் பழைய மஸ்டா.
புகைக்குழாயின் வாயை விரலால் துடைத்து முகர்ந்தேன்.
எரியாத பெற்றோல்.

"வத்தளையில ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், பாஸ்.
அங்க பட்டு மாதிரி ஓடிச்சி."
ஓடியிருக்கும்.
கடலோரக் காற்றுக்குக் கனம் உண்டு.
ஹட்டனில், நாலாயிரம் அடிக்கு மேலே,
அதே காற்று நீர்மோர்.

வடிகட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் எயார் மீட்டர்.
உள்ளே ஒரு சின்னக் கதவு.
காற்று தள்ளத் தள்ளத் திறக்கும்,
திறந்த அளவுக்குப் பெற்றோல் இறங்கும்.
கதவுக்குக் காற்றின் பருமன்தான் தெரியும், எடை தெரியாது.
தலையை எண்ணிச் சோறு வைக்கிறவனுக்கு
பந்தியில் பாதிப்பேர் குழந்தைகள் என்று
தெரியாமல் போவதுபோல.

கறுப்பு மூடியை பிளேடால் கீறித் திறந்தேன்.
சுருள்வில், பற்சக்கரம், அதைப் பிடித்திருக்கும் கம்பிக் கொக்கி.
"நகப்பூச்சு இருக்கா?"
கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தாள்.
இருந்த பல்லில் ஒரு சிவப்புப் புள்ளி,
திரும்பி வர வழி வேண்டுமே.

வில்லை இறுக்கினேன், ஒரு பல்.
இரண்டு.
மூன்றில் கறுப்புப் புகை சாம்பலானது.
ஐந்தில் முள் அசையாமல் நின்றது.
ஆசையில் ஆறு வைத்தேன், தும்மியது.
ஐந்துக்கே வந்தேன்.

"இதே ஐந்தோட கொழும்புக்கு இறங்கினா?"

நல்ல கேள்வி, சம்பளம் குறைக்கிற கேள்வி.
"அங்க காத்துக் கனத்துடும், பெற்றோல் பத்தாது.
டின்னில கல்லுப் போட்டுக் குலுக்கின மாதிரி தட்டும்."

திங்கள் முதல் வெள்ளி வரை
மருதானையில் காப்புறுதிக் கம்பெனி மேசை.
சனி ஞாயிறு இங்கே.
"அப்ப நான் எந்த ஊர்க்காரின்னு
இந்தக் கதவுகிட்ட முதல்லயே சொல்லணுமா?"
சொல்லணும்.

தகரத்தில் மழை. அவள் அந்தப் புள்ளியையே பார்த்தாள்.
"கினிகத்தேனைக்கு வையுங்க."
"அங்க யாரு இருக்கா?"
"ஒருத்தரும் இல்ல. பாதி உயரம்."

மூன்றாவது பல்லில் கொக்கியை விட்டேன்.
மேலே வந்தால் லேசாய்ப் புகையும்,
கீழே போனால் லேசாய்த் தட்டும்.
இரண்டையும் பில்லில் எழுதிக் கொடுத்தேன்.
வாங்கி மடித்து, லைசன்ஸோடு வைத்துக்கொண்டாள்.

போயாவுக்கு முதல் நாள் அந்தியில் போன்.
"பாஸ், கினிகத்தேனையில நிக்கிறேன். கேக்குதா?"
காதை அழுத்தினேன்.
யாரோ பஸ்ஸைக் கூப்பிடுகிறார்கள், ஒரு நாய்,
வேறொன்றும் கேட்கவில்லை.
"அதத்தான் சொல்றேன்."

பெற்றோல் விற்கிற விலையில்
ஒரு பிளேன்ரீ குடித்து முடியும் வரைக்கும்
அவள் இஞ்சினை நிறுத்தவே இல்லை.